உச்சிக்கு மேலே ஒரு தாரை

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய போகும் வீதியில் இருக்கிற கொடகவெல, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஆறரைப் பாகையில் இருக்கிறது. வானம் பார்க்கிறவர்களுக்கு இந்த ஆறரை என்ற எண் பெரிய சொத்து. வானத்தின் நடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து, ஆறு, ஏழு பாகையில் உள்ள மீன்களெல்லாம் இந்த ஊரில் தலைக்கு நேர் மேலே ஏறி நிற்கும். திருவாதிரை அப்படிப்பட்ட மீன். மார்கழி பிறந்ததும் நள்ளிரவையொட்டி உச்சியில் செம்மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கும். விடியற்காலைப் பஜனைக்குத் தோட்டத்துக் கோயிலில் மணி அடிக்கும் நேரத்துக்கு மேற்கே சாய்ந்துவிடும். தை, மாசியில் மழை ஓய்ந்த இரவுகளில் முன்னிரவிலேயே பார்க்கலாம்.

திருவாதிரையிலிருந்து மேற்கே, ஒரியன் கூட்டத்தின் மற்றத் தோளையும் தாண்டிச் சற்றுப் போனால், வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத ஓர் இடம் வரும். அங்கே இருக்கிறது டிஎக்ஸ்எஸ் 0506+056. பெயரே விலாசம்தான்: கடைசியில் உள்ள 056 என்பது வான நடுக்கோட்டுக்கு வடக்கே 5.6 பாகை. அதாவது கொடகவெலவின் உச்சியிலிருந்து ஒரு பாகைக்கும் குறைவான விலகல், இரண்டு முழுநிலவின் அகலத்துக்குள். பூமியின் சுழற்சி ஒவ்வொரு நாளும் ஒரு தடவை அதை நம் தலைக்கு மேலே கொண்டுவந்து போகிறது.

இது நட்சத்திரமல்ல, பிளேசார். அந்தப் பெயரின் பொருள் சற்றுப் பின்னால் வரும். இதன் ஒளி அங்கிருந்து புறப்பட்டு 400 கோடி ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகிறது. இரத்தினபுரி மாவட்டத்தில் குழி வெட்டி, இல்லம் எனப்படும் சரளையை அள்ளி அரித்து எடுக்கிறோமே நீலக்கல், அதை உருவாக்கிய பாறை உருமாற்றம் நடந்து ஐம்பது, அறுபது கோடி ஆண்டுதான் ஆகிறது. அந்த ஒளி அப்போதே தன் பயணத்தில் பெரும்பகுதியை முடித்திருந்தது.

2017 செப்டெம்பர் 22ஆம் திகதி, தென்துருவப் பனிக்குள் புதைக்கப்பட்ட 5,160 ஒளியுணரிகளைக் கொண்ட ஐஸ்கியூப் கருவியில், எதையும் எளிதில் ஊடுருவிப் போகும் நியூத்திரினோ என்ற துகள் ஒன்றின் தடம் பதிவானது. 43 செக்கனுக்குள் உலகம் முழுவதும் உள்ள வானியலாளர்களுக்குத் தன்னியக்கமாகச் செய்தி போனது. தடத்தை வானத்தை நோக்கிப் பின்னோக்கி நீட்டிப் பார்த்தபோது அது சுட்டிய இடத்தில் இந்தப் பிளேசார் இருந்தது. அதே மாதங்களில் அது வழக்கத்தைவிடப் பல மடங்கு பிரகாசமாகக் காமாக் கதிரைக் கொட்டிக்கொண்டிருந்ததை ஃபெர்மி விண்கலம் கண்டது. சில நாள் கழித்து கனேரித் தீவுகளில் உள்ள மேஜிக் தொலைநோக்கிகள் அதைவிட வலுவான காமாக் கதிர்களையும் பிடித்தன.

அந்தக் காமாக் கதிர் எப்படி உண்டாகிறது என்பதுதான் இங்கே விளக்க எடுத்துக்கொண்ட பொருள். நியூத்திரினோவுக்குக் கடைசியில் வருவோம்.

முதலில் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு துணுக்குக்கு, பாடப்புத்தகத்தில் போட்டன் என்று படிக்கிறோமே அதற்கு, ஏறத்தாழ 2 இலத்திரன் வோல்ற்று சக்தி இருக்கிறது. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருப்பதால் அப்படிப்பட்ட துணுக்குகளை வீசுகிறது. பிளேசார்களிலிருந்து வரும் காமாக் கதிர்த் துணுக்குகளில் சிலவற்றுக்கு ஒரு இலட்சம் கோடி இலத்திரன் வோல்ற்றுக்கு மேல் சக்தி உண்டு. ஒரு பொருளைச் சூடாக்கி அதை வரவழைக்க வேண்டுமென்றால் நூறு கோடி கோடி பாகை வெப்பம் வேண்டும். அப்படி எரியும் பொருள் எதுவும் அங்கே இல்லை. ஆகவே காமாக் கதிர் வெப்பத்தில் பிறக்கவில்லை. எளிய ஒளித்துணுக்கு ஒன்று வேகமான துகளிடம் அடி வாங்கி, அந்தத் துகளின் சக்தியைப் பறித்துக்கொண்டு கிளம்புகிறது. அந்த அடியும், அடி விழுகிற இடமே நம்மை நோக்கிப் பாய்ந்து வருவதும் சேர்ந்துதான் நாம் பார்க்கும் பிளேசாரை உண்டாக்குகின்றன. இந்த இரண்டையும் பிரித்துப் பிரித்துப் பார்த்தால் விஷயம் பிடிபட்டுவிடும்.

இயந்திரத்திலிருந்து தொடங்குவோம். பெரிய நட்சத்திர மண்டலங்களின் நடுவில் கருந்துளை இருக்கிறது. பிளேசார்களில் அது சூரியனைப்போல் பத்துக் கோடி மடங்கு, நூறு கோடி மடங்கு எடை உள்ளது. சுற்றியுள்ள வாயு நேராக உள்ளே விழுவதில்லை. சுற்றிச் சுற்றித் தட்டையான வட்டாக உருண்டு, உரசிச் சூடாகி, மெல்ல மெல்ல உள்நோக்கி இறங்குகிறது. சூரியனுக்குள் ஐதரசன் ஹீலியமாகும்போது எடையில் ஒரு சதவீதம்கூடச் சக்தியாக மாறுவதில்லை. இந்த வட்டில் ஏறத்தாழ பத்து சதவீதம் மாறும். பிரபஞ்சத்தில் நீண்டகாலம் தொடர்ந்து ஓடும் இயந்திரங்களில் இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது கடினம்.

வாயுவோடு காந்தப்புலமும் உள்ளே இழுபடுகிறது. கருந்துளை சுழல்வதால் அதைச் சுற்றியுள்ள வெளியே அதனுடன் இழுத்துச் சுழற்றப்படுகிறது. அதில் அகப்பட்ட காந்தக் கோடுகள் முறுக்கேறுகின்றன. அந்த முறுக்கு, சுழல் அச்சின் இரு புறமும் மின்னேற்றம் பெற்ற துகள்களைத் தள்ளிவிடுகிறது. கருந்துளையின் சுழற்சிச் சக்தியே இப்படி வெளியே கறக்கப்படலாம் என்று ரோஜர் பிளாண்ட்ஃபோர்டும் ரோமன் ஸ்னாயெக்கும் 1977இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அப்படிப் புறப்படும் ஒடுங்கிய ஓட்டத்தைத்தான் தாரை என்கிறோம்.

தாரை கண்ணுக்குத் தெரியாத கற்பனையல்ல. 1918இலேயே ஹீபர் கேர்ட்டிஸ் என்ற அமெரிக்க வானியலாளர், கன்னிக் கூட்டத்திலுள்ள எம்87 மண்டலத்தின் நடுவிலிருந்து நேர்கோடாக ஒரு கதிர் நீண்டிருப்பதைப் படத்தில் பார்த்துக் குறித்து வைத்தார். அது என்னவென்று அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. கருந்துளை என்ற சொல்லே அப்போது பிறந்திருக்கவில்லை. நூறு ஆண்டு கழித்து, 2019 ஏப்ரலில், அதே எம்87இன் நடுவிலுள்ள கருந்துளையின் நிழற்படம் வெளியானது. எடை, 650 கோடி சூரியன்கள். கேர்ட்டிஸ் கண்ட தாரை அங்கிருந்துதான் கிளம்பி ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீள்கிறது. எம்87இன் தாரையை நாம் ஓரளவு பக்கவாட்டில் பார்க்கிறோம். அதே போன்ற தாரை நேராக நம் முகத்தை நோக்கித் திரும்பியிருந்தால் அதற்குப் பெயர் பிளேசார்.

திசைதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது என்று சொன்னால் மிகை போலத் தோன்றும். கணக்கைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. தாரையில் உள்ள பொருள் ஒளியின் வேகத்தில் 99.5 சதவீதத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிளேசார்களில் இது சாதாரண வேகம். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைப்படி இவ்வளவு வேகமாக ஓடும் பொருள் எல்லாத் திசையிலும் ஒளி வீசினாலும், வெளியில் நிற்கும் நமக்கு அதன் பெரும்பகுதி ஓட்டத்தின் திசையில் ஆறு பாகைக்குள் குவிந்துவிடும். நம்மை நோக்கி நேராக வந்தால் ஒவ்வொரு ஒளித்துணுக்கின் சக்தியும் ஏறத்தாழ இருபது மடங்காகும். துணுக்குகள் வந்து சேரும் வீதமும் இருபது மடங்கு. குவிவதால் கிடைப்பது இருபதுக்கு இருபது, நானூறு மடங்கு. எல்லாவற்றையும் பெருக்கினால் ஒரு இலட்சத்து அறுபதாயிரம். தாரை திசை மாறாமல் இருக்கும்வரை, வேறெதுவும் செய்யாமலே அது இவ்வளவு மடங்கு பிரகாசமாகத் தெரியும்.

எதிர்ப்புறம் போகும் இரட்டைத் தாரைக்கு இதே கணக்கு தலைகீழாக வேலை செய்யும். அது அதே அளவு மங்கிவிடும். பிளேசார்களில் ஒரு தாரைதான் தெரிகிறது என்பதற்குக் காரணம் இது. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இரட்டைத் தாரைகளில் ஏதாவது ஒன்றின் ஆறு பாகைக் கூம்புக்குள் நாம் தற்செயலாக அகப்படும் வாய்ப்பு ஏறத்தாழ இருநூறில் ஒன்று. அப்படியானால் நாம் காணும் ஒவ்வொரு பிளேசாருக்கும், வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிற ஏறத்தாழ இருநூறு தாரைச் சோடிகள் இருக்கின்றன. ஃபெர்மி விண்கலம் தொகுத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட காமாக் கதிர் மூலங்களில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவை பிளேசார்கள். அவற்றை இருநூறால் பெருக்கிப் பாருங்கள்.

நேரமும் சுருங்குகிறது. தாரையில் ஒரு முடிச்சு 200 ஆண்டு நம்மை நோக்கி ஓடி வருகிறது. தொடக்கத்தில் அது விட்ட ஒளி, 200 ஆண்டு முடிவில் அதைவிட ஒரே ஒரு ஒளியாண்டு தூரம்தான் முந்தியிருக்கும். முடிச்சும் ஒளியின் காலடியிலேயே ஓடி வருகிறதே. ஆகவே முதலில் விட்ட ஒளியும் கடைசியில் விட்ட ஒளியும் நம்மிடம் ஓராண்டு இடைவெளியில் வந்து சேர்கின்றன. 200 ஆண்டு வரலாறு நமக்கு ஓராண்டுப் படமாகிறது. முடிச்சு சற்றே சாய்ந்து ஓடினால் அந்த ஓராண்டில் அது வானத்தில் பல ஒளியாண்டு நகர்ந்தது போலத் தெரியும். 1971இல் 3சி 279 என்ற பொருளில் ஒளியைவிட வேகமாகப் பகுதிகள் விலகுவது போன்ற தோற்றத்தைக் கண்டபோது பலர் திகைத்தனர். ஒளியை எதுவும் முந்தவில்லை. ஒளியைத் துரத்திக்கொண்டு நம் பக்கம் ஓடிவரும் பொருளைப் பார்க்கும்போது கிடைக்கிற தோற்றம் அது.

இனி தாரைக்குள் இறங்குவோம். அதில் இலத்திரன்கள் இருக்கின்றன. தாரை முழுவதும் ஒரே சீராக ஓடுவதில்லை. பின்னால் வரும் வேகமான பகுதி முன்னால் போகும் மந்தமான பகுதியை முட்டும் இடத்தில் அதிர்ச்சி அலை உருவாகிறது. இலத்திரன் அந்த அலையின் குறுக்கே முன்னும் பின்னும் போய் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தி சேர்த்துக்கொள்கிறது. எதிரெதிர்த் திசையிலுள்ள காந்தக் கோடுகள் முறிந்து புதிதாக இணையும் இடங்களிலும் துகள்கள் விரட்டப்படலாம். எது முக்கியம் என்பதில் நீண்டகாலம் வாதம் நடந்தது. 2021 டிசம்பரில் ஏவப்பட்ட இக்ஸ்பி விண்கலம், மார்க்கரியன் 501 என்ற அருகிலுள்ள பிளேசாரின் எக்ஸ் கதிர் எந்த அளவுக்கு முனைவாக்கம் பெற்றிருக்கிறது, அதாவது அதன் அதிர்வு எவ்வளவு தூரம் ஒரே திசையில் ஒழுங்குபட்டிருக்கிறது என்று அளந்தது. ஏறத்தாழ பத்து சதவீதம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இருந்ததைப்போல் இரு மடங்கு. காந்தப்புலம் ஒழுங்காக இருந்தால் முனைவாக்கம் கூடும். அதிர்ச்சி அலைக்கு அருகே அது ஒழுங்காக இருக்கும், அங்கிருந்து விலக விலகக் குலையும். புதிதாக விரட்டப்பட்ட, அதிசக்தி இலத்திரன்கள் அலைக்கு அருகிலேயே எக்ஸ் கதிரை விட்டுத் தீர்ந்துபோகின்றன. சக்தி குறைந்தவை தூரம் போய்க் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விடுகின்றன. இரண்டுக்கும் இடையிலிருந்த வித்தியாசம் அதிர்ச்சி அலைக்குச் சாட்சியாக நின்றது. எனக்குத் தெரிந்த அளவீடுகளில் இவ்வளவு எளிய எண் இவ்வளவு பெரிய வழக்கைத் தீர்ப்பது அரிது.

வேகமான இலத்திரன் காந்தப்புலத்தில் நேராகப் போகாது, சுருண்டு போகும். வளைந்து போகும் ஒவ்வொரு கணமும் ஒளி விடும். இதற்கு சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு என்று பெயர். பிளேசாரின் வானொலி அலையும், கண்ணுக்குத் தெரியும் ஒளியும், பலவற்றில் எக்ஸ் கதிரும் இப்படி வருபவை. ஒரு பிளேசார் எந்தச் சக்தியில் எவ்வளவு வீசுகிறது என்று வரைபடம் போட்டால் இரண்டு திமில்கள் தெரியும். முதல் திமில் இந்தச் சிங்க்ரோட்ரான். இரண்டாவது திமில் காமாக் கதிரில் நிற்கிறது. முதல் திமிலை எவ்வளவு நீட்டினாலும் இரண்டாவதைத் தொட முடியாது. அதற்கு வேறொரு செயல் வேண்டும்.

எம்பிலிப்பிட்டிய வீதியில் மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு பஸ் வருகிறது. அதன் முகத்தை நோக்கி மணிக்கு 40 கிலோமீட்டரில் ஒரு ரப்பர் பந்து போகிறது என்று கணக்கில் மட்டும் வைத்துக்கொள்வோம். பஸ்ஸில் இருப்பவருக்குப் பந்து 100இல் வந்து மோதி 100இல் திரும்புகிறது. வீதியோரத்தில் நிற்பவருக்கு, பஸ்ஸின் 60உம் சேர்ந்து பந்து 160இல் பறக்கிறது. 40இல் போனது 160இல் வருகிறது. பஸ்ஸின் வேகம் இரண்டு தடவை சேர்கிறது: மோதுவதற்கு முன் ஒரு தடவை, திரும்பிய பின் ஒரு தடவை.

பஸ் இருந்த இடத்தில் இலத்திரனையும் பந்து இருந்த இடத்தில் ஒளித்துணுக்கையும் வையுங்கள். ஒளியின் வேகம் கூடாது. அதற்குப் பதிலாக அதன் சக்தி கூடும். அந்த இரண்டு தடவையும் கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக வரும். இலத்திரன் தன் ஓய்வுநிலைச் சக்தியைப்போல் பத்தாயிரம் மடங்கு சக்தியில் ஓடுகிறதென்றால், எதிரே வரும் 2 இலத்திரன் வோல்ற்று ஒளித்துணுக்கு, இலத்திரனின் பார்வையில் பத்தாயிரம் மடங்கு வலுத்து வந்து மோதுகிறது. சிதறித் திரும்பிய பின் நம் பார்வைக்கு வரும்போது மீண்டும் பத்தாயிரம் மடங்கு. மொத்தம் பத்துக் கோடி மடங்கு. 2 இலத்திரன் வோல்ற்று 20 கோடியாகிறது. சாதாரண மஞ்சள் ஒளி ஒரே மோதலில் காமாக் கதிர். அதற்கு மேல் தாரை முழுவதும் நம்மை நோக்கி ஓடுவதால் கிடைக்கும் இருபது மடங்கையும் சேர்த்தால் 400 கோடி.

ஆர்தர் கொம்ப்டன் கண்டுபிடித்தது இதற்கு எதிரானது: வலுவான எக்ஸ் கதிர் ஓய்விலுள்ள இலத்திரனில் மோதித் தன் சக்தியை இழக்கும். இங்கே இலத்திரன் கொடுக்கிறது, ஒளி வாங்குகிறது. அதனால் நேர்மாறு கொம்ப்டன் சிதறல் என்கிறார்கள். இதற்கும் ஓர் எல்லை உண்டு: இலத்திரனிடம் உள்ளதைவிட அதிகமாக ஒளித்துணுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. பத்து இலட்சம் மடங்கு சக்தி கொண்ட இலத்திரனிடம் இருப்பது அரை இலட்சம் கோடி இலத்திரன் வோல்ற்று. அது மொத்தத்தையும் கொடுத்துவிட்டால், தாரையின் இருபது மடங்குடன் பத்து இலட்சம் கோடி வரை போகலாம். அருகிலுள்ள பிளேசார்களில் நாம் பார்க்கும் உச்சமும் ஏறக்குறைய அந்த அளவில்தான் நிற்கிறது. காகிதக் கணக்கும் வானமும் இப்படி ஒத்துப்போகும்போது மனதுக்கு ஒரு நிறைவு வருகிறது.

அடி வாங்கும் அந்த எளிய ஒளி யாருடையது? இங்கே பிளேசார்கள் இரண்டு வகையாகப் பிரிகின்றன. மார்க்கரியன் 421 போன்றவற்றில் தாரையைச் சுற்றி அதிக ஒளி இல்லை. இலத்திரன்கள் தாமே சிங்க்ரோட்ரான் வழியில் விட்ட ஒளியைத் தாமே மறுபடி அடித்து உயர்த்துகின்றன. அதனால் எக்ஸ் கதிர் கூடும்போதெல்லாம் காமாக் கதிரும் பெரும்பாலும் கூடவே ஏறுகிறது. 3சி 279 போன்றவற்றில் நிலைமை வேறு. சுற்றிலும் பிரகாசமான வட்டு, வேகமாக ஓடும் வாயு மேகங்கள், அவற்றுக்கு வெளியே சூடான தூசு வளையம். இந்த வெளி ஒளியெல்லாம் ஓடிவரும் தாரையின் முகத்தில் விழுகிறது. அடிக்கக் கிடைக்கும் ஒளி மிகுதியாக இருப்பதால் காமாத் திமில் முதல் திமிலைவிடப் பல மடங்கு உயர்ந்து நிற்கிறது. ஆனால் அதே காரணத்தால் இலத்திரன்கள் விரைவில் களைத்துவிடுகின்றன. உச்ச சக்தி குறைவு. 1991இல் கொம்ப்டன் விண்கலம் வானுக்குப் போன சில மாதங்களிலேயே 3சி 279 பொங்கியெழுந்ததைக் கண்டது. இப்படிப்பட்ட பிளேசார்கள் தம் சக்தியில் பெரும்பங்கைக் காமாவில்தான் கொட்டுகின்றன என்பது அதன் பிறகே உறைத்தது. அடுத்த ஆண்டு அரிசோனாவிலுள்ள விப்பிள் தொலைநோக்கி, தரையில் நின்றபடியே மார்க்கரியன் 421இன் அதிசக்திக் காமாவைப் பிடித்தது.

இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. காமாக் கதிர் உண்டாவது ஒன்று, தப்பி வருவது வேறொன்று. காமாத் துணுக்கு ஒன்று எளிய ஒளித்துணுக்கைச் சந்தித்தால் இரண்டும் மறைந்து இலத்திரனும் அதன் எதிர்த்துகளும் பிறக்கலாம். ஒளி நெருக்கமாக இருக்கும் சிறிய இடத்துக்குள் பிறந்த காமா, பிறந்த இடத்திலேயே செத்துப்போகும்.

2006 ஜூலை 28ஆம் திகதி இரவு இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது. நமீபியாவிலுள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் பிகேஎஸ் 2155-304 என்ற பிளேசாரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அது சில நிமிடங்களுக்குள் இரு மடங்காகப் பிரகாசித்து, மங்கி, மறுபடி பொங்கியது. ஒரு பொருள் சில நிமிடங்களில் மாற வேண்டுமென்றால், அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒளி அந்த நிமிடங்களுக்குள் போய்விட வேண்டும். ஆனால் நூறு கோடி சூரிய எடையுள்ள கருந்துளையின் ஆரத்தைக் கடக்கவே ஒளிக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகும். இயந்திரத்தைவிட அதன் பொறி பல மடங்கு சிறியது. அவ்வளவு சிறிய இடத்தில் அவ்வளவு ஒளி நெருங்கியிருந்தால் ஒரு காமாகூட வெளியே வந்திருக்கக் கூடாது.

வந்ததே! அப்படியானால் நாம் கணக்கிட்ட நெருக்கம் உண்மையானதல்ல. தாரை ஓடிவரும் வேகத்தால் நேரம் சுருங்கித் தெரிகிறது, பிரகாசம் பெருகித் தெரிகிறது. தாரையோடு கூடவே ஓடும் ஒருவருக்கு அந்த இடம் பெரியது, அதிலுள்ள ஒளி நமக்குத் தோன்றுவதைவிட மிக மெல்லியது. கணக்கைத் திருப்பிப் போட்டால், இருபது மடங்கு போதவில்லை, ஐம்பதுக்கு மேல் தேவைப்பட்டது. தாரைக்குள் இன்னும் வேகமான சிறு தாரைகள் ஓடுகின்றனவா என்ற யோசனை அந்த இரவிலிருந்து வலுப்பெற்றது. காமாக் கதிர் நம்மை வந்தடைகிறது என்ற ஒற்றை உண்மையே தாரையின் வேகத்துக்குச் சாட்சி.

இதே அழிவு வழியிலும் காத்திருக்கிறது. மண்டலங்களுக்கு இடையிலுள்ள வெளியில் எல்லா நட்சத்திரங்களும் இதுவரை விட்ட ஒளி மெல்லிய மூட்டமாகப் பரவிக் கிடக்கிறது. 40 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள மார்க்கரியன் 421இலிருந்து இலட்சம் கோடி இலத்திரன் வோல்ற்றுத் துணுக்குகள் தப்பி வருகின்றன. நம் உச்சியிலுள்ள டிஎக்ஸ்எஸ்ஸிலிருந்து மேஜிக் பிடித்தது 40,000 கோடி வரைதான். அதற்கு மேலுள்ளவை பெரும்பாலும் வழியிலேயே கரைந்துவிடுகின்றன.

தப்பி வந்தவை நம் வளிமண்டலத்தில் முட்டுகின்றன. பத்துக் கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் ஒரு காமாத் துணுக்கு, இலத்திரனும் எதிர்த்துகளுமான சோடியாகிறது. அவை மீண்டும் காமாவை விடுகின்றன. அந்தக் காமாக்கள் மீண்டும் சோடியாகின்றன. காற்றில் ஒளி போகும் வேகத்தைவிட வேகமாக ஓடும் இந்தத் துகள் கூட்டம் செரன்கோவ் ஒளி எனப்படும் நீல ஒளியை விடுகிறது. தரையில் இருநூறு மீட்டருக்கு மேற்பட்ட அகலத்தில் விழும் அந்த மின்னல், ஒரு செக்கனை நூறு கோடியாகப் பங்கு போட்டால் அதில் சில பங்கு நேரமே இருக்கும். அதைப் பிடிக்க அகன்ற கண்ணாடியும் மிக விரைவான கமராவும் வேண்டும். லடாக்கின் ஹன்லேயில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், 21 மீட்டர் அகலக் கண்ணாடியும் 1,088 ஒளிக்குழாய்களும் கொண்ட மேஸ் தொலைநோக்கியை இந்தியாவின் பாபா அணு ஆராய்ச்சி மையம் நிறுவியிருக்கிறது. 2024 ஒக்டோபர் 4ஆம் திகதி அது முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. பிளேசார்கள் அதன் முதன்மை இலக்குகளில் ஒன்று.

உதகமண்டலத்தில் இன்னொரு வழியைக் கையாள்கிறார்கள். அங்கே 2,200 மீட்டர் உயரத்தில் கிரேப்ஸ்-3 என்ற பரிசோதனைக் களத்தில் ஏறத்தாழ 400 துகள் உணரிகள் மண்ணில் பரப்பப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் 560 சதுர மீட்டர் மியூவோன் தொலைநோக்கி. விண்ணிலிருந்து விழும் துகள் மழையில் பெரும்பகுதி புரோத்தன்கள் உண்டாக்கியது. அதில் மியூவோன் என்ற துகள்கள் நிறைய இருக்கும். காமா உண்டாக்கிய மழையில் அவை மிகக் குறைவு. மியூவோனை எண்ணினால் எது காமா, எது புரோத்தன் என்று பிரிக்கலாம். மலையகத் தமிழராகிய நமக்கு நீலகிரி அந்நிய இடமல்ல. நம்மவர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் பிரிந்துபோன எத்தனையோ குடும்பங்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் தேயிலை மலைகளில் வாழ்கின்றன. அவர்கள் கொழுந்து எடுக்கும் அதே மலைத்தொடரில் விஞ்ஞானிகள் வானத்தின் துகள்களை எண்ணுகிறார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குப் பாடத்தோடு சேர்த்துச் சொல்லலாம்.

இனி நியூத்திரினோ. இதுவரை சொன்ன விளக்கத்தில் இலத்திரன் மட்டுமே வேலை செய்தது. தாரையில் புரோத்தன்களும் இருந்து, அவையும் அதிர்ச்சி அலையில் விரட்டப்பட்டால்? வேகமான புரோத்தன் ஓர் ஒளித்துணுக்கில் மோதினால் பையோன் என்ற துகள் பிறக்கும். மின்னேற்றமில்லாத பையோன் உடனே இரண்டு காமாவாக உடையும். மின்னேற்றமுள்ள பையோன் சிதையும்போது நியூத்திரினோக்களை விடும். இலத்திரன் வழியில் காமா வரும், நியூத்திரினோ வராது. புரோத்தன் வழியில் இரண்டும் வரும். காமாவை மட்டும் பார்த்து இரண்டு வழியையும் பிரித்தறிவது மிகக் கடினம். நியூத்திரினோ கிடைத்தால் புரோத்தனுக்குச் சாட்சி கிடைத்தது. 2017இன் அந்த ஒற்றைத் தடத்துக்கு உலகம் அவ்வளவு பரபரத்தது அதனால்தான். அதன் சக்தி ஏறத்தாழ 290 இலட்சம் கோடி இலத்திரன் வோல்ற்று.

நியூத்திரினோவைப் பிடிக்கும் கலைக்கு நம் மக்களின் உழைப்போடு பழைய தொடர்பு உண்டு. வளிமண்டலத்தில் உண்டாகும் நியூத்திரினோக்களை உலகில் முதன்முதலில் பதிவு செய்த இரண்டு இடங்களில் ஒன்று இந்தியாவின் கோலார் தங்கச் சுரங்கம். 1965இல், தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, பிரித்தானிய விஞ்ஞானிகள் அதைச் செய்தார்கள். அந்த ஆழத்தைத் தோண்டிய தொழிலாளர்களில் பெருந்தொகையினர் தமிழர்கள். தேயிலைக்கும் ரப்பருக்கும் இங்கே கொண்டுவரப்பட்டவர்களைப் போலவே வறட்சியிலிருந்து தப்பிப் போனவர்கள்.

டிஎக்ஸ்எஸ் 0506+056 இன்னொரு புதிரையும் வைத்திருந்தது. ஐஸ்கியூப் குழுவினர் பழைய பதிவுகளைத் திரும்பப் புரட்டியபோது, 2014 செப்டெம்பரிலிருந்து 2015 மார்ச் வரை அதே திசையிலிருந்து, பின்னணியில் எதிர்பார்ப்பதைவிடச் சுமார் 13 நியூத்திரினோக்கள் அதிகமாக வந்திருந்தன. அந்த மாதங்களில் ஃபெர்மியின் காமாப் பதிவில் எழுச்சியே இல்லை. 2017இல் ஒரு நியூத்திரினோ, கூடவே பெரும் காமா. அதற்கு முன்பு பதின்மூன்று நியூத்திரினோ, காமா அமைதி.

இதற்கு விடை மேலே சொன்ன முட்டுக்கட்டையிலேயே இருக்கக்கூடும் என்று பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. புரோத்தன் நியூத்திரினோவை உண்டாக்க வேண்டுமானால் மோதுவதற்கு ஒளி அடர்த்தியாக இருக்க வேண்டும். ஒளி அடர்த்தியாக இருக்கும் இடத்திலிருந்து காமா தப்ப முடியாது. நியூத்திரினோ எதையும் பொருட்படுத்தாமல் வெளியேறிவிடும். அதோடு பிறந்த காமா உள்ளேயே சோடி சோடியாக உடைந்து, சக்தி குறைந்து குறைந்து, எக்ஸ் கதிராகவும் மெல்லிய காமாவாகவும் ஒழுகும். 2022இல் ஐஸ்கியூப், என்ஜிசி 1068 என்ற மண்டலத்திலிருந்து சுமார் 80 நியூத்திரினோக்கள் வந்ததைக் காட்டியது. அது பிளேசார் அல்ல. அதன் கருந்துளை தூசுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அங்கேயும் நியூத்திரினோவுக்கு ஈடான அதிசக்திக் காமா காணவில்லை.

அப்படியானால் காணாமல்போன காமாவைத் தேட வேண்டிய இடம் ஃபெர்மி பார்க்கும் அளவுக்குக் கீழே, சில இலட்சம் இலத்திரன் வோல்ற்றிலிருந்து சில கோடி வரையுள்ள பகுதி. கொம்ப்டன் விண்கலம் 2000ஆம் ஆண்டில் செயலிழக்கச் செய்யப்பட்ட பிறகு அந்தப் பகுதியில் வானம் சரியாகப் பார்க்கப்படவில்லை. அதன் கீழ்ப்பாதியை மறுபடி பார்ப்பதற்காக கோசி என்ற சிறிய விண்கலத்தை 2027இல் ஏவ நாசா திட்டமிட்டிருக்கிறது. ஐஸ்கியூப்பின் அடுத்த பெரிய எழுச்சி வரும்போது கோசி வானில் இருந்தால், டிஎக்ஸ்எஸ்ஸின் தாரைக்குள் புரோத்தன்கள் எவ்வளவு, இலத்திரன்கள் எவ்வளவு என்ற பங்கைப் பிரித்துச் சொல்ல முதல் தடவையாக இரண்டு பக்கத்து எண்களும் கையில் இருக்கும்.